ஆறாவது டோக்கன்

டக்ளசுக்கு வீடியோ கேம் என்றால் தண்ணீர் பட்ட பாடு என்று அவர் மாமனார் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. அவரும் அதை மறுத்ததில்லை. மனுஷனுக்கு மாமனார் வீட்டில் கிடைக்கிற நல்ல பெயரே கொஞ்சம், அதையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டார். இப்போது அதற்குத்தான் அனுபவிக்கிறார்.

உண்மையில் அவருக்குத் தெரிந்தவை ஒரே நிற மிட்டாய்களைச் சேர்த்து உடைப்பதும், லூடோவும்தான். காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்ததும் போனை எடுப்பார். கிருஷ்ணராஜபுரம் வந்ததும் போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, துணிக் கம்பெனிக்குப் போய் பேக்கிங் சூப்பர்வைசர் ஆகிவிடுவார். சாயங்காலம் அப்படியே திரும்பி வருவார். மிட்டாய் உடைப்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. உடைந்தால் ஜெயம், உடையாவிட்டால் தோல்வி. ஒரு மனிதனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

அவருடைய மனைவி ஜெனிட்டாவுக்கு டைட்டஸ் என்று ஒரே தம்பி. அக்காவுக்கும் தம்பிக்கும் பத்து வயது வித்தியாசம். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான், நல்ல கம்பெனி. போன வருஷம் அதை உதறிவிட்டு வந்து, அம்மா காலமான பிறகு பக்கத்திலேயே பாலகாட்டில் பூட்டிக் கிடந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டைத் திறந்து, கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சொந்தமாக கேம் செய்யப் போகிறானாம். ஒரு வருஷம் பார்க்கிறேன் என்றான். வருஷமும் ஓடிவிட்டது. பழைய கம்பெனியே பெரிய மனசு பண்ணித் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த முடிவைக் கொண்டுவந்து டக்ளசின் தலையில் கட்டினான் டைட்டஸ்.

“என் பிரண்ட்ஸ் எல்லாம் கேம் பண்றவங்க மாமா. எதப் பாத்தாலும் சூப்பர் மச்சின்னுதான் சொல்வாங்க. நீங்கதான் சாதாரண பிளேயர். மூணு கேம் அனுப்பிக்கீறேன், விளையாடிப் பாத்து ஞாயித்துக்கிழம சொல்லுங்க. உங்களுக்குப் புடிச்சா இதுலயே இருக்கேன். புடிக்கலன்னா வேலைக்குப் போயிட்றேன்.”

சாதாரணம் என்ற வார்த்தை டக்ளசுக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் மாமா பெயரைக் காப்பாற்ற வேண்டுமே, தலையை ஆட்டிவிட்டார்.

ஜெனிட்டா அன்றைக்கே அவரை மடக்கினாள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசி குத்துகிற அதே நிதானத்தோடுதான் வீட்டிலும் பேசுவாள்.

“நல்லா இல்லன்னு ஒரே வார்த்த சொல்லிடுங்க. அவன் பொழப்பு ஒழுங்காயிடும்.”

“நல்லா இருந்தா?”

“நல்லா இருந்தாலும்தான்.”

டக்ளஸ் யோசித்துப் பார்த்தார். ஒரு பையனுடைய வாழ்க்கை தன் வாயில் தொங்குகிறது. பொய் சொல்லி அவன் பிழைப்பைத் திருப்பிவிடுவதா, உண்மையைச் சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதா? முதலில் அந்த உண்மை என்ன என்பதாவது தெரிய வேண்டுமே என்று மறுநாள் ரயிலில் முதல் கேமைத் திறந்தார்.

படம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கண்ணாடி அழுக்கோ என்று சட்டை நுனியால் துடைத்தார். போனை அணைத்துப் போட்டும் பார்த்தார். பிறகு டைட்டசுக்கே போன் போட்டுவிட்டார்.

“அது பிக்சல் மாமா. ரெட்ரோ ஸ்டைல். அந்தக் காலத்து கேம் மாதிரி வேணும்னே அப்டிப் பண்ணிக்கீறேன்.”

வேணும்னேயா! டக்ளஸ் சின்ன வயதில் டிவிப் பெட்டியில் கம்பி மாட்டி விளையாடிய காலத்தில் படம் இப்படித்தான் இருக்கும். மூக்கு ஒரு சதுரம், தொப்பி ஒரு சதுரம். எப்போது நல்ல படம் வரும் என்று ஊரே ஏங்கியது. வந்துவிட்டது. இப்போது மெனக்கெட்டுப் பழைய படத்துக்குத் திரும்பிப் போகிறார்களாம். புது வீடு கட்டிவிட்டு வாசலில் சிம்னி விளக்கு வைக்கிற மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார். சொல்லவில்லை. தனக்குத்தான் புரியவில்லையோ என்னவோ.

முதல் கேமில் அவர் ஒரு பல்லி. டியூப் லைட் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். கீழே ஒரு கூடத்தில் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். விரலால் தட்டினால் பல்லி பொத்தென்று கீழே விழும். ஒரு பெரியவரின் வலது தோளில் விழுந்தார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு அம்மாளின் தலையில் விழுந்தார். அந்த அம்மாள் பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போனாள். அவ்வளவுதான். மார்க் கிடையாது, நேரம் கிடையாது. பல்லி திரும்பச் சுவரேறி டிக் டிக் என்றது. ஜெயித்தோமா தோற்றோமா என்று டக்ளசுக்கு விளங்கவே இல்லை. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கவாவது ஒரு பொத்தான் வைத்திருக்கலாம்.

பக்கத்தில் சம்பங்கி எட்டிப் பார்த்தான். ரயிலில் சீட்டாடுகிற கோஷ்டியின் தலைவன், டக்ளசோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இறங்குவதும் ஒரே ஸ்டேஷனில்தான்.

“சர்ச்சுக்குப் போற வூட்டுப் புள்ள, பல்லி வியுற பலனெல்லாம் எங்கடா கத்துக்கினான்?” என்றான்.

டக்ளஸ் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவதில் அவர் குடமாகிவிட்டார். பச்சை பிளாஸ்டிக் குடம். தண்ணீர் வண்டி வருவதற்கு முன்னால் ஜனங்கள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் இல்லையா, அந்த வரிசையில் ஒரு குடம். குடத்துக்கு என்ன வேலை? இருப்பதுதான் வேலை. பின்னால் இருந்த நீலக் குடம் சந்தடி சாக்கில் முன்னால் நகரப் பார்த்தால், விரலை அழுத்திப் பிடித்து இடத்தைக் காப்பாற்ற வேண்டும். கோரமண்டல் ஸ்டேஷனில் பிடித்த விரலை மாலூர் தாண்டியும் எடுக்கவில்லை. கடைசியில் குழாய்க்குக் கீழே போய் நின்றார். இரண்டு சொட்டு விழுந்து தண்ணீர் நின்றது. ‘நாளைக்கு வாங்க’ என்று சதுர எழுத்தில் வந்தது.

“இந்த எழவுக்கு எங்க வூட்டு முன்னாலயே நிக்கலாமே!” என்று வாய்விட்டே கத்திவிட்டார் டக்ளஸ். எதிர் சீட்டில் தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், மறுநாள் மிட்டாயைத் தொடாமல் நேராக அந்தக் குடத்தைத்தான் திறந்தார். ராத்திரி முழுக்க யாராவது இடத்தைப் பிடித்திருப்பார்களோ என்று ஒரு கவலை. பிடிக்கவில்லை. வரிசையில் பச்சைக் குடம்தான் முதல். தண்ணீர் வந்தது, குடம் நிரம்பியது, யாரோ ஒரு பெண் வந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு குடத்துக்குப் போய் மனசு இளகுவானேன்? இதை நல்ல கேம் என்று சொல்வதா, இல்லை தனக்கு வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதா? ஒன்றும் பிடிபடவில்லை. அன்றைக்கு கம்பெனியில் சட்டைகளை அளவு மாற்றிப் பெட்டியில் போடச் சொல்லித் திட்டு வாங்கினார்.

மூன்றாவது கேம் வெள்ளிக்கிழமை. பெயர் ‘கேஜ்’.

பெயரைப் பார்த்ததும் சம்பங்கியே சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். தங்கச் சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் கேஜ் என்றால் அந்த ரயில் பெட்டியில் திரும்பிப் பார்க்காதவர்கள் இல்லை. ஆளைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு அது. பெட்டியில் பாதிப் பேரின் அப்பாக்கள் அதில் இறங்கி ஏறியவர்கள்தான்.

திரை கன்னங்கரேலென்று இருந்தது. நடுவில் பச்சைக் கோட்டால் போட்ட கேஜ், தலையில் விளக்கோடு ஒரு குட்டி ஆள். அந்த ஆள்தான் டக்ளஸ். அங்கங்கே பாதை அடைபட்டு மாட்டிக்கொண்ட ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்து கேஜில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு மணியை அழுத்தினால் கேஜ் மேலே போகும். இதாவது புரிகிறதே என்று டக்ளசுக்குத் தெம்பு வந்தது. திரையின் மூலையில் டோக்கன் பலகைகூட வரைந்திருந்தான் பையன். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவான், ஏறி வந்ததும் கழற்றிக்கொள்வான். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். டைட்டசின் அப்பா இன்பராஜ் அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தவர்தான். பலகை காலியாகாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்.

ஒவ்வொரு ஆளாகக் கேஜில் ஏற, மூலையில் ஒவ்வொரு டோக்கனாக மறைந்தது. பெட்டியில் சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஐந்து பேர் ஏறிவிட்டார்கள். கேஜில் இடம் நிறைந்துவிட்டது. ‘மணியை அழுத்தவும்’ என்று எழுத்து மின்னியது. டக்ளஸ் விரலைக் கொண்டுபோனார்.

“டேய் டேய் டேய்!” என்று சம்பங்கி அவர் கையைப் பிடித்துவிட்டான். “பலகையப் பாருடா. ஒண்ணு தொங்குது.”

ஆமாம், தொங்கியது. சின்ன மஞ்சள் சதுரம். ஆறாவது டோக்கன்.

“இன்னொரு ஆளு கீய கீறான்” என்றார் டக்ளஸ், திரையில் கீழே காட்டி.

அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் நடந்த அமர்க்களத்தைச் சொல்லி முடியாது. இடது பக்கம் போ என்றார்கள், கீழே போ என்றார்கள், கல் விழுந்த பாதையைத் தட்டிப் பார் என்றார்கள். டக்ளஸ் ஒரு பாதை விடாமல் நடந்தார். சுவரில் முட்டினார், முட்டிய இடத்திலேயே மறுபடி முட்டினார். ஆள் இல்லை. பங்காருபேட்டையில் ஏறிய ராகேஷ் என்ற காலேஜ் பையன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, கன்னடத்தில் “ஆட்டா முகீத்தல்லா அண்ணா, பெல் ஒத்தி” என்றான். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, மணியை அழுத்துங்கள் என்கிறான். பெட்டியே அவனைத் திரும்பி முறைத்தது. எதற்கு முறைக்கிறார்கள் என்று புரியாமல் பையன் பாவம், கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

“ஆள வுட்டுட்டு எப்டிடா பெல் அடிப்ப?” என்று சம்பங்கி யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது கிருஷ்ணராஜபுரம் போயே போய்விட்டது. கண்டோன்மென்ட்டில் இறங்கி, இரண்டு பேரும் எதிர் ரயிலுக்காக நின்றபோதும் டக்ளசின் விரல் போன் மேலேயே இருந்தது. கம்பெனியில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். “ஒரு ஆளு மாட்டிக்கிட்டான் சார்” என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் அதை எப்படி விளக்குவது என்று விழித்தார்.

சனிக்கிழமையும் ஆள் கிடைக்கவில்லை. டக்ளசுக்கு இப்போது கோபமே வந்தது. இது கேமா, கேலியா? தேடினால் கிடைக்காதவனை எதற்குக் கீழே வைத்தான் இந்தப் பையன்? தனக்குத்தான் வழி தெரியவில்லையோ? சோற்றில் கை வைத்தால் அந்த மஞ்சள் சதுரம் கண்ணில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து டைட்டஸ் அக்கா வீட்டுக்கு வந்தான். சமையல் கட்டில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை. பையன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவன் முகம். டக்ளசுக்கு அவன் மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

“பல்லி எப்டி மாமா?”

“பல்லி… இருந்துச்சு” என்றார் டக்ளஸ்.

“குடம்?”

“அது ரொம்பிடுச்சுடா.” அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“கேஜ்? அதான் மாமா மெயின். கடசில மேல வந்ததும் சூரியன் வரும், பாட்டு வரும், அது எப்டி இருந்துச்சு?”

“நான் எங்க முடிச்சேன்?”

டைட்டசின் முகம் விழுந்துவிட்டது. “முடிக்கலியா? பத்து நிமிஷ கேம் மாமா அது. எல்லாரும் முடிச்சிட்டாங்க.” நாற்காலியில் சாய்ந்துகொண்டான். “பரவால்ல. போர் அடிச்சா யாருதான் முடிப்பாங்க. நீங்க நேராவே சொல்லிருக்கலாம். நாளைக்கு கம்பெனிக்கு வரேன்னு சொல்லிட்றேன்.”

ஜெனிட்டா ஆசைப்பட்டது தானாகவே நடந்துவிட்டது. டக்ளஸ் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது.

“இன்னாடா போர்? ரெண்டு நாளா தேடிக்கினுகீறேன்! ஸ்டேஷன வுட்டேன், வேல செய்யற எடத்துல பேச்சு வாங்கினேன். அவன எங்கடா வெச்சிகீற?”

“யார?”

“ஆறாவது ஆள!”

போனை நீட்டினார். கேஜுக்குள் ஐந்து பேர் விளக்கோடு நிற்கிறார்கள். மணி மின்னுகிறது. மூலையில் மஞ்சள் சதுரம். டைட்டஸ் வாங்கிப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயோ மாமா. ஆறாவது ஆளே கெடையாது. அஞ்சு பேருதான். ரெண்டு வரிசைல மூணு மூணா வரஞ்சா பாக்க நீட்டா இருக்கேன்னு ஆறு டோக்கன் போட்டுட்டேன். என் தப்புதான். பெங்களூர்ல அத்தினி பேர் ஆடுனாங்க, ஒருத்தரும் இதக் கவனிக்கல.”

“கெடையாதா?”

“கெடையாது.”

இல்லாத ஆளையா ஒரு ரயில் பெட்டியே தேடியது? கோபப்படுவதா, வெட்கப்படுவதா? இல்லை என்று தெரிந்த பிறகாவது கவலை போக வேண்டுமே, அதுவும் போகவில்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் குழப்பமாக இருந்தது.

சத்தம் கேட்டு ஜெனிட்டா கரண்டியோடு வந்து நின்றாள். “இன்னா ஆச்சு? நல்லா இல்லன்னு சொல்லிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே தம்பி கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

“இது அப்பா பலக இல்ல?”

“ஆமாக்கா. நீ சொன்னத வெச்சு வரஞ்சதுதான்.”

“ஒண்ணு தொங்குதே.”

“அத ஒண்ணும் கண்டுக்காத, தப்பா வந்துடுச்சு. அழிச்சிட்றேன், ஒரு நிமிஷ வேல.”

“அழிச்சா?” என்றாள் ஜெனிட்டா. குரல் மாறிவிட்டது. “டோக்கன அழிச்சா ஆளு மேல வந்துடுவானாடா?”

டைட்டஸ் அக்கா முகத்தைப் பார்த்தான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தவை அவை, அவனுக்கு எப்படித் தெரியும்? ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியும் அப்பா வராத சாயங்காலங்கள் உண்டு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுரங்கத்து ஷாப்ட் கேட் பக்கம் போய் நிற்பாள் ஜெனிட்டா. கம்பிக்கு உள்ளே அப்பா பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார், ஒரு டோக்கன் தொங்கும். கேட்டில் நிற்கிற பெண்கள் யாரும் அது எந்த நம்பர் என்று கேட்க மாட்டார்கள். அப்படி ஒரு சாயங்காலம் அந்தக் கடைசி டோக்கனை எடுக்க ஆளே வரவில்லை. மறுநாள் அப்பாதான் அதைக் கழற்றி, அந்த ஆளின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பலகையைப் பற்றிச் சொன்னவள் இதையெல்லாம் தம்பியிடம் சொன்னதே இல்லை, இப்போதும் சொல்லவில்லை. டக்ளசிடம் கல்யாணமான புதிதில் ஒரு தரம் சொல்லியிருக்கிறாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது, அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

“ஆள வரைய முடியாதா?” என்று கேட்டாள்.

“வரையலாம்க்கா. ஆனா அவனுக்கு ஒரு எடம் வேணும், வழி வேணும், கேஜ்ல நிக்க எடம் வேணும். எல்லாத்தையும் கலச்சித் திரும்பப் பண்ணணும். ரெண்டு மாசமாச்சும் ஆவும். நாளைக்கு கம்பெனிக்குப் பதில் சொல்லணுமே.”

“சொல்லு.”

“இன்னான்னு?”

“ஒரு ஆளு கீய கீறான், ஏத்திட்டு வரேன்னு சொல்லு.”

சொல்லிவிட்டுச் சமையல் கட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. அவள் அழுதால் அப்படித்தான் பாத்திரம் உருட்டுவாள் என்பது டக்ளசுக்குத் தெரியும். டைட்டஸ் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டு, எழுந்து அக்காவின் பின்னாலேயே போனான்.

டக்ளஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். கேம் நல்லா இருக்கிறதா, நல்லா இல்லையா? சத்தியமாக அவருக்கு இன்னும் தெரியவில்லை. கேட்டவனும் அதை மறந்துவிட்டான். போனில் அந்த ஐந்து பேரும் கேஜுக்குள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். மணியை அழுத்தினால் சூரியன் வரும், பாட்டு வரும் என்று பையன் சொல்லியிருந்தான். டக்ளஸ் அதைத் தொடவில்லை. பேட்டரி சிவப்பாகிக்கொண்டிருந்தது, எழுந்து போய், போனை அணையவிடாமல் சார்ஜரில் மாட்டினார்.